குழல்வாய்த் துப்பாக்கி: பழமையும் புதுமையும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயுதத்தைக் காட்டிலும் அதை ஏந்தும் கையே பெரிது என்பது இதன் கருத்து. ஆனால் வேட்டையைப் பொறுத்தவரை இவ்வாக்கு முழுவதும் பொருந்துவதில்லை. எதிரே நிற்கும் விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு உண்டா இல்லையா என்பதை வேட்டைக்காரன் கையில் இருப்பது வில்லா, வேலா, துப்பாக்கியா என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. இவ்வெண்ணத்தின் அடிப்படையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல மாநிலங்கள் பழைய ஆயுதங்களுக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியுள்ளன. அப்பருவத்தில் எந்தத் துப்பாக்கியைப் பழையது என்று ஏற்பது, எதைப் புதியது என்று தள்ளுவது என்ற வழக்கு அங்கே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

அந்த வழக்கு நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் ஊராகிய ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரப் பகுதியில் உள்ளது. இரவில் இறங்கி வரும் பன்றிக் கூட்டத்தைப் பற்றிப் பேசாத உழவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்தப் பேச்சு கடைசியில் நாட்டுத் துப்பாக்கியில்தான் வந்து நிற்கும். "அந்தக் காலத்தில் ஒரு வெடி போட்டால் போதும்" என்பார் ஒரு பெரியவர். "இப்போது அதை வீட்டில் வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டியதுதான்" என்பார் அடுத்தவர். அமெரிக்க வேட்டைக்காரர் வாதிடுவதும் எங்கள் பெரியவர்கள் நினைவுகூர்வதும் ஏறத்தாழ ஒரே கருவியைப் பற்றித்தான். அந்தக் கருவியின் அமைப்பையும் வரலாற்றையும் சட்டத்தையும் ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் அமைப்பும்

துப்பாக்கி என்பது துருக்கி, பாரசீக மொழிகளின் வழியே நம்மிடம் வந்த சொல். ஈழத்தில் இதையே துவக்கு என்பர். நாட்டுத் துப்பாக்கி என்று நாம் பொதுவாகச் சொல்வதை அரசாங்க உரிமத்தில் 'மசில் லோடர்' என்று குறிப்பிடுவார்கள். குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் உள்ளே செல்லும் துப்பாக்கி என்பது இதன் பொருள். இக்கட்டுரையில் இதனைக் குழல்வாய்த் துப்பாக்கி என்றே எழுதுகிறேன்.

குழலை நிமிர்த்திப் பிடித்து, அளந்த மருந்தை வாய் வழியே கொட்ட வேண்டும். அதன்மேல் கிழிந்த துணியையோ நாரையோ தக்கையாக வைத்து, நீண்ட கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிறகு ரவையையோ குண்டையோ இட்டு, அது உருண்டு வந்துவிடாதபடி மறுபடியும் தக்கை வைத்துக் கெட்டிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு வெடிக்கு. அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்கு பழகிய ஆங்கிலச் சிப்பாய் கூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடிந்தது. பழக்கமில்லாதவர் கையில் ஒரு முறை கெட்டிப்பதற்குள்ளேயே ஒரு நிமிடம் ஓடிவிடும்.

உள்ளே இருக்கும் மருந்துக்கு எப்படித் தீ வைப்பது? இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளைக் கொண்டே இத்துப்பாக்கியின் தலைமுறைகளைப் பிரிக்கிறார்கள். முதல் தலைமுறை திரித்துப்பாக்கி. புகைந்துகொண்டிருக்கும் திரியை விசையால் இறக்கி, குழலடியில் உள்ள சிறு துளையில் பற்ற வைப்பது அதன் முறை. இரண்டாவது, 17ஆம் நூற்றாண்டில் பரவிய சக்கிமுக்கித் துப்பாக்கி. 'குதிரை' கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி பறக்கும். அது கிண்ணியில் உள்ள சிறிதளவு மருந்தைப் பற்றவைத்து, துளை வழியே உள்ளே பாயும். மூன்றாவது கேப்புத் துப்பாக்கி. அடித்தால் தானே வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு துப்பாக்கியை இயக்கும் முறைக்கு அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து 1820களில் சிறிய செப்புக் கேப்பு பரவியது. நம் நாட்டுப்புறங்களில் நெடுநாள் நிலைத்தது இந்தக் கேப்பு வகையே.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். இக்கருமருந்து எரியும்போது பாதிக்கு மேற்பட்ட பகுதி ஆவியாகாமல் கசடாகவும் புகையாகவும் மிஞ்சும். சுட்டவன் கண்ணையே புகை மறைக்கும். கசடு குழலில் படிந்து, அடுத்த குண்டை இறங்கவிடாமல் தடுக்கும். ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் தடவாதவனுக்கு அடுத்த முறை துப்பாக்கி உதவாது. மழை வந்தால் முதல் இரண்டு வகைகளும் ஏறத்தாழ வெறும் கட்டைதான்.

நெல்லைச் சீமையில்

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வாசுதேவநல்லூரையும் நெற்கட்டும்செவலையும் அறியாத வரலாற்று மாணவர் இருக்க முடியாது. பூலித்தேவரின் கோட்டையாகிய வாசுதேவநல்லூரை 1760இன் இறுதியில் யூசுப்கான் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1767இல் கும்பினிப் படை கேம்பல் தலைமையில் அதே கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கி திறந்த உடைப்புகளைக் கோட்டைக்குள் இருந்தோர் ஓலையும் வைக்கோலும் மண்ணும் கொண்டு அடைத்தபடியே போரிட்டனர். பாளையக்காரர் படையில் ஈட்டியும் வல்லயமும் வளரியும் பெரும்பங்கு வகித்தன. கூடவே திரித்துப்பாக்கியும் இருந்தது. எதிரிகள் ஏந்தியது சக்கிமுக்கித் துப்பாக்கி. இருதரப்பாரும் குழல்வாய் வழியேதான் கெட்டித்தார்கள் என்றாலும், இடையில் ஒரு தலைமுறை வேறுபாடு இருந்தது. பழையதற்கும் புதியதற்கும் இடையிலான வேறுபாடு நம் மண்ணில் விளையாட்டாக இருக்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. தென்பாண்டிச் சீமையில் துப்பாக்கி அரசாங்கத்தின் அனுமதிக்கு உட்பட்ட பொருளானது அன்றுதான்.

1857ஆம் ஆண்டின் பெரும் புரட்சிக்குப் பொறியாக இருந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் குழல்வாய்த் துப்பாக்கியே. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழல் வாயில் கொட்ட வேண்டியிருந்ததால்தான், அதில் தடவிய கொழுப்புப் பற்றிய ஐயம் சிப்பாய்களைக் கொதிக்கச் செய்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குள்ளேயே பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் படைகளுக்கு வந்துவிட்டன. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குள் அடக்கியது. அதன்பின் குழல்வாய்த் துப்பாக்கி போர்க்களத்தை விட்டுக் காட்டோரத்துக்கும் வயலோரத்துக்கும் உரிய கருவியாக ஒதுங்கியது.

அமெரிக்காவில் ஒரு வேட்டைப் பருவம்

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. அங்கே மான் வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களில், உரிமம் பெற்று நடப்பது. நவீனத் துப்பாக்கி ஏந்தியோர் ஒரே வாரத்தில் காட்டை நிறைப்பதைக் கண்டு சலித்த சிலர், முன்னோரின் துப்பாக்கியைக் கொண்டு வேட்டையாடத் தனி நாட்கள் வேண்டுமெனக் கேட்டனர். பென்சில்வேனியா மாநிலம் 1974இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒரு பருவத்தைத் தொடங்கியது. பிற மாநிலங்களும் தத்தம் வழியில் இத்தகைய பருவங்களை அமைத்தன. சில இடங்களில் இதற்கு 'ஆதி ஆயுதப் பருவம்' என்றே பெயர்.

அதன் அடிப்படை எளிது. ஒரே வெடி, குறைந்த தூரம், பற்றாமல் போகும் அபாயம். இத்துணைக் குறைபாடும் உள்ளவன் விலங்கின் அருகில் செல்ல வேண்டும், காற்றின் திசை அறிய வேண்டும், காத்திருக்க வேண்டும். இத்தகையோர் குறைவான மான்களையே வீழ்த்துவர். ஆகவே கூடுதல் நாட்கள் கொடுத்தாலும் காட்டுக்குக் கேடில்லை என்று வேட்டைத் துறையினர் கருதினர்.

இந்த ஏற்பாட்டை அசைத்தது 1985இல் வந்த ஒரு துப்பாக்கி. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் என்பவர் 'எம்.கே-85' என்ற பெயரில் புதுவகைக் குழல்வாய்த் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பழைய துப்பாக்கியில் தீ பக்கவாட்டிலிருந்து வளைந்து நுழையும். புதியதில் கேப்பு குழலின் நேர் பின்னே அமர்ந்து மருந்தை நேராகப் பற்ற வைக்கிறது. இதனால் தாமதமும் குறைகிறது. பற்றாமல் போவதும் குறைகிறது. அடுத்தடுத்து மேலும் வசதிகள் சேர்ந்தன. அளந்து கொட்டும் பொடிக்குப் பதில் வில்லை வடிவ மருந்து; ஈய உருண்டைக்குப் பதில் பிளாஸ்டிக் உறையில் அமர்ந்த கூர்முனைக் குண்டு; வெறும் குறிமுனைக்குப் பதில் தொலைநோக்கி. பழைய வழுவழுப்பான குழலில் ஐம்பது கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. புதியது இருநூறு கஜத்தில் மானை வீழ்த்தும். 2020இல் வந்த ஒரு வகையில் குண்டு மட்டுமே குழல் வாயில் இறங்குகிறது. மருந்து மூடிய குப்பியில் அடைபட்டுப் பின்புறமாக நுழைகிறது. இதைக் குழல்வாய்த் துப்பாக்கி என்று ஏற்பதா என்பதை மாநிலங்கள் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

மாநிலங்கள் தந்த விடைகள் பலவகை. பென்சில்வேனியா குளிர்காலப் பருவத்தைச் சக்கிமுக்கிக்கே காத்து வைத்துக்கொண்டு, புதிய வகைக்கு வேறு நாட்களை ஒதுக்கியது. கொலராடோ புதிய அமைப்பை அனுமதித்தது. ஆனால் தொலைநோக்கியையும் வில்லை மருந்தையும் பிளாஸ்டிக் உறையையும் விலக்கியது. மிசிசிப்பியோ இன்னும் ஒரு படி சென்று, குதிரை வெளியே தெரியும் பழங்கால அமைப்புடைய ஒற்றை வெடித் துப்பாக்கியாக இருந்தால் பின்புறம் தோட்டா இடுவதையும் 'ஆதி ஆயுதம்' என ஏற்றுக்கொண்டது. வாய்வழி கெட்டிக்கும் நவீனக் கருவி ஓரிடத்தில் பழமையாகிறது. வாய்வழி கெட்டிக்காத பழைய கருவி மற்றோரிடத்தில் பழமையாகிறது!

இருதரப்பு வாதம்

பழமைவாதிகள் சொல்வது இது: "பருவம் ஏற்பட்டதே குறைபாட்டை விரும்பி ஏற்போருக்காக. அந்தக் குறைபாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, வாய் வழியே கெட்டிக்கும் சடங்கை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைப் போக்குவதாகும்."

புதுமைவாதிகளின் விடை இது: "நேர்மை என்பது விலங்குக்குத் தப்பும் வாய்ப்புத் தருவது மட்டும்தானா? சுடுவதென்று முடிவான பின் அது நோவின்றி வீழ வேண்டாமா? பாதி பற்றிய மருந்தால் காயப்பட்டு, புதரில் மூன்று நாள் கிடந்து சாகும் மானுக்கு உங்கள் பழமையால் என்ன பயன்?"

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஜிம் கார்பெட்டின் வாழ்வு இரண்டையும் காட்டுகிறது. சிறுவனாக அவர் முதலில் பெற்றது இரட்டைக் குழல் கொண்ட குழல்வாய்த் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்திருந்தது, கட்டையைப் பித்தளைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். 1953இல் வெளிவந்த 'ஜங்கிள் லோர்' நூலில் அவரே இதைச் சொல்கிறார். நம்ப முடியாத துப்பாக்கி வைத்திருந்தவன் காட்டை நன்றாகப் படித்தாக வேண்டும். பழமைவாதிகளுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் அதே கார்பெட் 1907இல் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக எழுதியிருக்கிறார். அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. முன்னொரு நாள் யாரோ சுட்ட குண்டு அதைக் கொல்லாமல் வாயைச் சிதைத்திருந்தது. இயல்பான இரையைக் கொல்ல முடியாத புலி மனிதரிடம் திரும்பியது. கொல்லாத குண்டு எத்தனை குடும்பங்களைக் கொன்றது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே எந்தத் துப்பாக்கி சரி என்ற கேள்விக்கு முன் வேறொரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எதற்காகச் சுடுகிறோம்? விளையாட்டுக்கு என்றால், தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பழைய கருவிக்கு ஒரு நியாயம் உண்டு. தேவைக்கு என்றால், ஒரே வெடியில் முடிக்கும் கருவியே கருணை. புதிய துப்பாக்கியின் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பழைய துப்பாக்கிக்குரிய சலுகை நாட்களைக் கேட்பதுதான் இரண்டு நியாயத்திலும் சேராதது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் வேட்டைப் பருவம் என்பதே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு எஞ்சியிருந்த உரிமங்களையும் நீக்கியது. வேட்டையையே வாழ்வாகக் கொண்டிருந்த நரிக்குறவர் சமூகத்துக்கு இதனால் நேர்ந்த இழப்பு பெரிது. அவர்கள் பெரும்பாலும் பாசிமணித் தொழிலுக்குத் திரும்பினர். 2023இல்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

ஆயினும் குழல்வாய்த் துப்பாக்கிக்கு நம் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க வகை செய்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்கச் சட்டங்கள் கருவியின் உறுப்புகளை வரிசையாக எண்ணின. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மாற்று வந்தது. நம் சட்டம் கருவியோடு நோக்கத்தையும் சேர்த்து எழுதியது. உழவனுக்கு வேண்டியது காவல். காவலுக்கு மெதுவான துப்பாக்கியே போதும் என்பது அதன் உட்கருத்து எனக் கொள்ளலாம்.

ஆனால் அந்தக் காவலின் எல்லை இன்று மிகக் குறுகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் உள்ளது. பயிருக்கு அபாயம் என்றாலும், 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ அனுமதித்தாலன்றி அதைச் சுடக்கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பெற்றிருக்கும் உழவனும் அனுமதியின்றிப் பன்றியைச் சுட்டால் குற்றவாளியே. ஆயுத உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு என்பதை எங்கள் பக்கத்தில் பலர் இன்னும் அறியவில்லை.

மலையடிவாரத்தின் கேள்வி

தினைப்புனம் காத்த மகளிர் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலி எழுப்பிக் கிளி ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டில் படிக்கிறோம். எங்கள் உழவர் இன்று செய்வதும் ஏறத்தாழ அதுவே. தகரம் தட்டுகிறார்கள், பரண் மேல் விழித்திருக்கிறார்கள், வண்ணச் சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள், சிவகாசி வெடியைக் கொளுத்திப் போடுகிறார்கள். பன்றி சில நாட்களில் இவற்றுக்குப் பழகிவிடுகிறது. ஓரிரவில் கரும்புத் தோட்டத்தை உழுது போட்டுவிட்டுப் போகிறது. கடன் வாங்கிப் பயிரிட்டவனின் நிலையை அனுபவித்தவனே அறிவான்.

ஆத்திரத்தில் சிலர் தேடும் வழிகள் மூன்று: கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி, தீனியில் பொதிந்த வெடி, கம்பியில் பாய்ச்சிய மின்சாரம். மூன்றும் குற்றம், மூன்றும் கொடுமை. நீர்க்குழாயில் பண்ணிய துப்பாக்கி சுட்டவன் முகத்திலேயே வெடிக்கக்கூடும். தீனி வெடி தாடையைப் பிளந்து உயிரை மட்டும் விட்டு வைக்கும். மின்கம்பிக்குப் பன்றி, யானை, பக்கத்து வயல்காரன் என்ற வேறுபாடு தெரியாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சுருக்கம். அண்டை மாநிலமாகிய கேரளம் 2022இலேயே இந்த அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்தது. நம் முறையில் சுடுபவர் பயிற்சி பெற்றவர் என்பது நல்லது. விலங்கு நோவின்றி வீழும், வழிப்போக்கனுக்கு ஆபத்தில்லை. ஆனால் சேதம் மிகுதியாக ஏற்படுவது காட்டோரத்து முதல் கிலோமீட்டரில் அல்லவா? அங்கே நிலம் வைத்திருப்பவனுக்குத் தகரமும் சேலையும்தான் கதி. அவனுக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வந்து சேர்ந்தால்தான், அவன் கள்ளத் துப்பாக்கிக்காரனைத் தேடிப் போகாமல் இருப்பான்.

முடிவுரை

கருவியின் வயதைக் கொண்டு செயலின் தரத்தை அளக்க முடியாது என்பதே இவ்வாராய்ச்சியால் நான் கண்டது. பழைய துப்பாக்கி நல்லவன் கையில் பொறுமையைக் கற்பித்தது. அவசரக்காரன் கையில் காயம்பட்ட விலங்குகளைக் காட்டில் அலையவிட்டது. புதிய துப்பாக்கி கடமை செய்பவன் கையில் கருணை. சலுகை தேடுபவன் கையில் ஏமாற்று. சட்டம் எழுதுவோர் குழலின் வாயைப் பார்த்து எழுதினால் தொழிற்சாலைகள் அதற்கு வழி கண்டுபிடித்துவிடும். நோக்கத்தைப் பார்த்து எழுதினால் அச்சட்டம் நிற்கும்.

2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வன உயிரினச் சரணாலயம் எங்கள் மேற்குத் திசையில் இருக்கிறது. அதன் விலங்குகளும் வாழ வேண்டும். அதன் அடியில் உழுபவனும் வாழ வேண்டும். இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டியது துப்பாக்கியன்று. ஒழுங்கான வேலியும், விரைவான இழப்பீடும், தேவைப்படும் இடத்தில் பொறுப்புள்ள அதிகாரியும்தான். மலையடிவார ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவ நண்பர்கள் தத்தம் ஊரில் இச்சட்டங்களை எடுத்துச் சொன்னாலே, கம்பி எண்ணப் போகும் சில உழவர்களையும் காலொடிந்து கிடக்கும் சில விலங்குகளையும் காப்பாற்றியவராவோம்.